ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் ‘உன் முன்மாதிரி யார், எதை நம்புகிறாய்’ என்று எப்படிக் கேட்பது?

கோத்தகிரி டீச்சர்:

எல்லாருக்கும் வணக்கம். கோத்தகிரிப் பக்கம் ஓர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் வேலை செய்கிறேன். ஆறு, ஏழு, எட்டு மூன்று வகுப்புக்கும் தமிழும் சமூக அறிவியலும் என் பொறுப்பு. ஹட்டி எனப்படும் ஊர்களில் இருந்து வரும் படுகர் வீட்டுப் பிள்ளைகள், எஸ்டேட் லைன் வீட்டுப் பிள்ளைகள், இருளர், குறும்பர் பிள்ளைகள் சிலர், தோட்ட வேலைக்கு ஜார்க்கண்டில் இருந்து வந்த குடும்பங்களின் பிள்ளைகள் என்று வகுப்பு கலந்து இருக்கும்.

வாரத்தில் ஒரு பாடவேளை நன்னெறிக்கு. இந்தப் பருவத்தில் அதை, ‘நான் எதை நம்புகிறேன், யாரைப் போல ஆக ஆசை’ என்பதற்குக் கொடுக்கலாம் என்று ஒரு கட்டுரை எழுதச் சொன்னேன். ஏறக்குறைய எல்லாத் தாளிலும் அப்துல் கலாம். வரிகளும் ஒன்றே: இராமேசுவரத்தில் பிறந்தார், செய்தித்தாள் போட்டுப் படித்தார், கனவு காணச் சொன்னார். கையேட்டில் இருந்து வந்தவை. கலாமைப் பிடித்திருப்பதில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் எழுதிய பிள்ளை யார் என்று எந்தத் தாளிலும் தெரியவில்லை.

‘எதை நம்புகிறாய்’ என்ற கேள்விக்குச் சாமி பெயர்கள் வந்தன. முருகன், ஏசு, அல்லா, ஹெத்தையம்மன். அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. ஏழாம் வகுப்பில் ஒரே ஒரு பெண் மட்டும் இப்படி எழுதியிருந்தாள்: “யாராவது அழுதா பக்கத்துல போய் உக்காந்தா போதும். பேச வேண்டாம். அத நான் நம்புறேன்.”

அந்தத் தாளை வெகுநேரம் கையிலேயே வைத்திருந்தேன். இப்படி ஒரு வரி எல்லாப் பிள்ளைக்குள்ளும் இருக்கும். அதை எப்படி வெளியே கொண்டுவருவது? மதம், கட்சி, சாதி என்று சண்டை மூளாமல் எப்படிப் பேசுவது? தமிழில் எழுதச் சிரமப்படும் பிள்ளைகளை எப்படிச் சேர்த்துக்கொள்வது? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

கூடலூர் ஹெச்.எம். (ஓய்வு):

டீச்சர், அந்தப் பெண்ணின் வரியிலேயே உங்களுக்கு வழி இருக்கிறது. அவள் தான் செய்கிற ஒரு காரியத்தைச் சொல்லியிருக்கிறாள். மற்றவர்கள் பெயரைச் சொல்லியிருக்கிறார்கள். அதனால் இனி ஆளைக் கேட்காதீர்கள், செயலைக் கேளுங்கள். “யாரைப் பிடிக்கும்?” என்றால் பெயர்தான் வரும். “யாரோ ஒருவர் செய்ததைப் பார்த்து, நாமும் இப்படி இருக்கணும் என்று உனக்குத் தோன்றியது எப்போது?” என்றால் பிள்ளை யோசித்தே ஆக வேண்டும்.

கலாமை ஒதுக்கவும் வேண்டாம். அவர் வாழ்க்கையில் இருந்தே இரண்டு சம்பவங்களை எடுத்துக்கொள்ளுங்கள். எட்டாம் வகுப்பில் நான் பலமுறை இவற்றைப் பேசியிருக்கிறேன்.

ஒன்று, அவருடைய அறிவியல் ஆசிரியர் சிவசுப்பிரமணிய ஐயர். ஆசாரமான குடும்பம். முஸ்லிம் பையனான கலாமை வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டார். அவர் மனைவி பரிமாற மறுத்துவிட்டார். ஐயர் கோபப்படவில்லை. தானே பரிமாறி, பையன் பக்கத்திலேயே உட்கார்ந்து சாப்பிட்டார். கிளம்பும்போது அடுத்த வாரமும் வா என்றார். அடுத்த முறை அந்த அம்மாவே சமையலறைக்குள் அழைத்துப்போய்ப் பரிமாறினார்.

இரண்டாவது, எஸ்.எல்.வி. 3 ராக்கெட். 1979 ஆகஸ்ட் 10 அன்று ஏவியது வங்கக் கடலில் விழுந்தது. திட்ட இயக்குநர் கலாம். ஆனால் பத்திரிகையாளர்கள் முன்னால் போய் உட்கார்ந்து பொறுப்பு ஏற்றவர் இஸ்ரோ தலைவர் சதீஷ் தவான். 1980 ஜூலை 18 அன்று வெற்றி. அன்று பேட்டி கொடுக்கக் கலாமை அனுப்பினார் தவான்.

கதையைச் சொல்லி நிறுத்திவிட்டு, “இதில் நீ யாராக இருக்க ஆசைப்படுவாய்?” என்று மட்டும் கேளுங்கள். ஐயர் என்று சிலர் சொல்வார்கள், தவான் என்று சிலர். பயந்துகொண்டே திரும்பவும் போன சின்னக் கலாம் என்று ஒருவன் சொன்னான். மனசை மாற்றிக்கொண்ட அந்த அம்மா என்று ஒரு பெண் சொன்னபோது வகுப்பே திரும்பிப் பார்த்தது. ஏன் என்று கேட்டேன். “அவங்களுக்குத்தான் சார் ரொம்பக் கஷ்டமா இருந்திருக்கும்” என்றாள். பதின்மூன்று வயதுப் பெண்ணின் இந்தப் பதிலை எந்தக் கையேட்டில் தேடுவது?

குன்னூர் நூலகத் தன்னார்வலர்:

ஹெச்.எம். ஐயா சொன்னதோடு எங்கள் ஊர்ச் சம்பவம் ஒன்றையும் சேர்க்கிறேன். 2021 டிசம்பர் 8. முப்படைத் தளபதி பிபின் ராவத் வந்த ஹெலிகாப்டர் சூலூரில் இருந்து வெலிங்டன் வரும் வழியில் நஞ்சப்பசத்திரத்தில் விழுந்தது. பனி மூட்டம். மரங்கள் பற்றி எரிந்தன. முதலில் ஓடியவர்கள் அந்த ஊர்க்காரர்கள். குடத்தில் தண்ணீர் கொண்டுபோய் ஊற்றினார்கள். அடிபட்டவர்களைத் தூக்கிவர வீட்டில் இருந்த கம்பளி, போர்வைகளைக் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

குன்னூர்க் குளிரில் போர்வை இல்லாத இரவு எப்படி இருக்கும் என்று நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பிறகு இராணுவம் நேரில் வந்து அந்த மக்களுக்கு நன்றி சொன்னது. புதுப் போர்வைகள் கொடுத்து, ஊரைத் தத்தெடுத்து ஓராண்டுக்கு மருத்துவ முகாம் நடத்துவதாகவும் அறிவித்தது. நூலகத்தில் இதைப் பேசும்போது நான் கேட்கும் கேள்வி: “வீட்டில் இருக்கும் நல்ல போர்வையை எடுப்பாயா, கிழிந்ததை எடுப்பாயா?” இதற்குப் பிள்ளைகள் உண்மையைத்தான் சொல்கிறார்கள். “நல்லத எடுத்தா அம்மா திட்டும்” என்று ஒருவன். “எரியும்போது எது நல்லதுன்னு பாக்க நேரம் இருக்காது” என்று இன்னொருவன்.

அதே விபத்தில் அன்று உயிரோடு மீட்கப்பட்டு, ஒரு வாரம் கழித்துப் பெங்களூரில் இறந்தவர் குரூப் கேப்டன் வருண் சிங். வெலிங்டன் இராணுவக் கல்லூரியில் பயிற்றுநராக இருந்தவர். 2020ல் பறக்கும்போது பழுதான தேஜஸ் விமானத்தைக் கைவிடாமல் பத்திரமாக இறக்கியதற்காக 2021 ஆகஸ்டில் சௌர்ய சக்ரா விருது பெற்றார். அடுத்த மாதமே தான் படித்த பள்ளியின் முதல்வருக்கு, மாணவர்களிடம் படித்துக்காட்டச் சொல்லி ஒரு கடிதம் எழுதினார். தான் படிப்பிலும் விளையாட்டிலும் சுமாரான மாணவன்தான் என்றும், விமானத்தின் மீது மட்டும் தீராத ஆசை இருந்தது என்றும், சுமாராக இருப்பதில் தப்பில்லை, ஆனால் எடுத்த காரியத்தை முழு மனதோடு செய்யுங்கள் என்றும் அதில் சொல்கிறார். விருது வாங்கிய கையோடு அவர் நினைத்தது கடைசி பெஞ்சுப் பிள்ளைகளை. தமிழில் எளிமையாக எழுதி வைத்திருக்கிறேன். வேண்டுமென்றால் நகல் தருகிறேன் டீச்சர்.

கொடைக்கானல் அப்பா:

ஒரு பெற்றோராகச் சொல்கிறேன், தவறாக நினைக்க வேண்டாம். என் பெண் ஆறாவது படிக்கிறாள். எதை நம்புவது என்பது வீட்டு விஷயம். அதைப் பள்ளிக்கூடம் ஏன் கையில் எடுக்க வேண்டும்? ஆசிரியர் நல்லவராக இருந்தால் சரி. இல்லாவிட்டால் அவருடைய கருத்து என் பிள்ளை தலையில் ஏறும். பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு டீச்சர் சொல்வதுதான் வேதம்.

கோத்தகிரி டீச்சர்:

தவறே இல்லைங்க. இந்தப் பயம் எனக்கும் இருப்பதால்தான் இங்கே கேட்டேன். முழுக்க அரசுப் பணத்தில் நடக்கும் பள்ளியில் மதபோதனை கூடாது என்று அரசியலமைப்பின் 28ஆவது பிரிவே சொல்கிறது. அந்த எல்லை எனக்குத் தெளிவு. ஆனால் பக்கத்தில் அழுகிறவளோடு போய் உட்கார வேண்டும் என்று அந்தப் பெண் எழுதியது மதபோதனை ஆகாது அல்லவா? அந்த இடத்தில்தான் நான் வேலை செய்ய விரும்புகிறேன்.

உதகை ஆலோசகர்:

பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆலோசனை சொல்லும் வேலையில் இருக்கிறேன். கொடைக்கானல் ஐயா சொன்ன ஆபத்து உண்மையானது. அதற்கு வழி, பேசாமல் விடுவது கிடையாது. ஆசிரியர் தன் கருத்தைச் சொல்லாமல் இருப்பதுதான். இந்தப் பாடவேளையில் ஆசிரியர் வாயில் இருந்து வர வேண்டியது இரண்டு கேள்விகள்: “அப்படியா, ஏன்?” அப்புறம், “வேறு யாருக்காவது வேறு மாதிரி தோன்றுகிறதா?”

பதினொன்று, பன்னிரண்டு வயதில்தான் ‘இப்படி இருந்தால் என்ன ஆகும்’ என்று கண்ணால் காணாததை யோசிக்கும் திறன் வளரத் தொடங்குகிறது என்றார் உளவியலாளர் பியாஜே. பன்னிரண்டு முதல் பதினெட்டு வரை ‘நான் யார்’ என்ற கேள்விதான் பிள்ளையின் பெரிய வேலை என்றார் இன்னொரு உளவியலாளர் எரிக்சன். நாம் கேட்டாலும் கேட்காவிட்டாலும் அந்தக் கேள்வி உள்ளே ஓடிக்கொண்டுதான் இருக்கும். பள்ளி பேசாவிட்டால் ரீல்ஸ் பேசும்.

சாமியைப் பற்றிக் கேட்காமலே நம்பிக்கையைக் கேட்கலாம். நான் பயன்படுத்தும் கேள்விகள் சில: யாரும் பார்க்காதபோதும் நீ செய்கிற ஒரு நல்ல காரியம் எது? எதைப் பார்த்தால் உனக்குக் கோபம் வரும்? எவ்வளவு கொடுத்தாலும் எதைச் செய்ய மாட்டாய்? கோபத்தைப் பற்றிய கேள்விதான் அதிகம் திறக்கும். “பெரியவங்க வரிசையில நடுவுல நுழையறது” என்று எழுதும் பிள்ளை நியாயத்தை நம்புகிறது. அதை அந்தப் பிள்ளைக்கே எடுத்துச் சொல்லிவிட்டால் முகம் மலர்ந்துவிடும்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. இப்படிக் கேட்கும்போது வீட்டில் அடி, குடி, வேறு தொந்தரவுகள் என்று எழுதிவிடும் பிள்ளைகள் இருப்பார்கள். அதை வகுப்பில் படிக்கக் கூடாது. தனியாகக் கூப்பிட்டுப் பேசுங்கள், தலைமையாசிரியரிடம் சொல்லுங்கள். குழந்தைகள் உதவி எண் 1098, பள்ளிக் கல்வித் துறை உதவி எண் 14417 இரண்டையும் கரும்பலகை ஓரத்தில் எப்போதும் எழுதி வையுங்கள். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று முன்கூட்டியே வாக்குக் கொடுக்காதீர்கள். காப்பாற்ற முடியாத வாக்கு அது.

பந்தலூர் தம்பி:

நஞ்சப்பசத்திரத்து மக்களைப் பற்றி எழுதியதைப் படித்தேன். நெகிழ்ச்சியாகத்தான் இருக்கிறது. ஆனால் எனக்கு ஒரு மாறுபட்ட கருத்து உண்டு.

என் தாத்தா 1964 சிறிமாவோ சாஸ்திரி ஒப்பந்தத்தில் இலங்கையில் இருந்து திரும்பிய குடும்பம். அப்பா, அம்மா இருவரும் அரசுத் தேயிலைத் தோட்டமான டான்டீயில் கொழுந்து பறித்தவர்கள். லைன் வீட்டில் என் கண்ணுக்குத் தெரிந்த பெரிய மனிதர் கங்காணிதான். அவரையே முன்மாதிரியாக எழுதச் சொல்லியிருந்தால் எழுதியிருப்பேன். எட்டாவதில் ஒரு சார் அம்பேத்கர் படத்தைக் காட்டி, இவர் வகுப்பறையில் தனியாகச் சாக்கு போட்டு உட்கார வைக்கப்பட்டவர், பின்னாளில் கொலம்பியாவிலும் லண்டனிலும் படித்து அரசியலமைப்பு வரைவுக் குழுவுக்குத் தலைவர் ஆனவர் என்று சொன்னார். அன்றைக்குத்தான் எஸ்டேட் கேட்டுக்கு வெளியே ஒரு உலகம் இருக்கிறது என்று எனக்கு உறைத்தது. உள்ளூர் ஆளை மட்டுமே காட்டினால் பிள்ளையின் ஆசை உள்ளூரிலேயே நின்றுவிடும். எங்கள் பிள்ளைகளுக்குப் பெரிய பெயர்கள் வேண்டும் சார்.

குன்னூர் நூலகத் தன்னார்வலர்:

தம்பி, நீங்கள் சொல்வதை முழுக்க ஒத்துக்கொள்கிறேன். உள்ளூரிலேயே பெரிய பெயர்கள் உண்டு, நாம்தான் சொல்லாமல் விட்டோம். அக்கம்மா தேவி, படுகர் பெண்களில் முதல் பட்டதாரி. 1962ல் நீலகிரித் தொகுதியில் இருந்து நாடாளுமன்றம் போனவர். ஆரி கவுடர், மேட்டுப்பாளையம் மண்டிகளில் உருளைக்கிழங்கு விவசாயி ஏமாறக் கூடாது என்று 1935ல் கூட்டுறவு விற்பனைச் சங்கத்தைத் தொடங்கியவர். இரட்டைமலை சீனிவாசன், சென்னைக்குப் போகும் முன் நீலகிரியில் கணக்கர் வேலை பார்த்தவர். பின்னால் அம்பேத்கரோடு லண்டன் வட்டமேசை மாநாட்டில் உட்கார்ந்தார். அயோத்திதாசர் இளமையைக் கழித்ததும் இந்த மலையில்தான்.

எங்கள் நூலகத்துக்கு வரும் பெண்களில் ஒருத்தி, அக்கம்மா தேவியின் கதையைக் கேட்டதும், “அவங்க காலேஜ் போகும்போது ஹட்டில யாரும் ஒண்ணும் சொல்லலையா?” என்று கேட்டாள். கேள்வி அவளைப் பற்றியது என்று எனக்குப் புரிந்தது. அவள் அம்மாவை ஒருநாள் நூலகத்துக்கு வரச்சொல்லிப் பேசினேன்.

பி.எட். மாணவி, கொடை ரோடு:

இந்த விவாதத்துக்குப் பயன்படும் ஆய்வு ஒன்று. நியூயார்க்கில் வசதி குறைந்த பகுதிப் பள்ளிகளில் 402 மாணவர்களிடம் செய்தது, 2016ல் வெளியானது. ஐன்ஸ்டீன், மேரி கியூரி, ஃபாரடே ஆகியோரின் சாதனைகளை மட்டும் ஒரு பகுதிப் பிள்ளைகளுக்குப் படிக்கக் கொடுத்தார்கள். மற்றவர்களுக்கு அவர்கள் பட்ட கஷ்டங்களையும் தோல்விகளையும் கொடுத்தார்கள். கஷ்டங்களைப் படித்த பிள்ளைகளின் அறிவியல் மதிப்பெண் ஏறியது. சாதனைகளை மட்டும் படித்தவர்களுக்கு ஏறவில்லை. குறைவான மதிப்பெண் வாங்கிய பிள்ளைகளுக்குத்தான் பலன் அதிகம்.

அதற்கு முன்பே, 1997ல் லாக்வுட், குண்டா என்ற இருவர் செய்த ஆய்வும் உண்டு. நம்மாலும் எட்ட முடியும் என்று தோன்றும்போதுதான் பெரிய ஆளின் கதை ஊக்கம் தரும், எட்டவே முடியாது என்று தோன்றினால் மனசு சோர்ந்துவிடும் என்றார்கள். பந்தலூர் அண்ணாவுக்கு அம்பேத்கரின் பட்டங்களோடு அந்தச் சாக்கையும் சேர்த்துச் சொன்ன சார் சரியாகத்தான் செய்திருக்கிறார்.

லவ்டேல் அம்மா:

எல்லாரும் பெரிய விஷயம் பேசுகிறீர்கள். என் மகன் ஏழாவது. அவனுக்கு முன்மாதிரி யார் என்று கேட்டால் ஒரு சினிமா நடிகரும், கேம் விளையாடி வீடியோ போடும் ஒரு யூடியூபரும்தான். என்ன சொல்லித் திருத்துவது?

கூடலூர் ஹெச்.எம். (ஓய்வு):

அம்மா, திருத்தப் போனால் அடுத்த முறை உங்களிடம் சொல்லவே மாட்டான். அந்த யூடியூபரிடம் என்ன பிடிக்கிறது என்று ஆசையோடு கேளுங்கள். தினமும் தவறாமல் வீடியோ போடுகிறாரே, அந்த உழைப்பா? தோற்றாலும் சிரிக்கிறாரே, அதுவா? அவன் சொல்கிற குணம் நல்லதாகத்தான் இருக்கும். அதே குணம் நம் வீட்டில், தெருவில் யாரிடம் இருக்கிறது என்று அடுத்த கேள்வி. “அவரிடம் உனக்குப் பிடிக்காதது ஏதாவது உண்டா?” என்பது அதற்கும் அடுத்தது. பிடித்த ஆளிடம் பிடிக்காததையும் பார்க்கத் தெரிந்துவிட்டால் பிள்ளை பாதி வளர்ந்தாயிற்று. நாளைக்கு எவனும் அவனைக் கண்மூடித்தனமாகப் பின்னால் இழுத்துக்கொண்டு போக முடியாது.

மன்னவனூர் சார்:

கொடைக்கானல் மேல்மலையில் வேலை. எழுதச் சிரமப்படும் பிள்ளைகளுக்கு எங்கள் பள்ளியில் செய்யும் ஒன்றைச் சொல்கிறேன். மைதானத்தில் சுண்ணாம்பால் நீளமாக ஒரு கோடு. ஒரு முனை ‘ஆமாம்’, மறுமுனை ‘இல்லை’. ஒரு வாக்கியம் சொல்வோம். ஒரு நிமிடம் பேசாமல் யோசித்துவிட்டுத் தனக்குத் தோன்றும் இடத்தில் போய் நிற்க வேண்டும். நடுவிலும் நிற்கலாம். யாரும் யாரையும் பார்த்துச் சிரிக்கக் கூடாது. அடுத்தவர் சொன்னதைக் கேட்டபின் இடம் மாறலாம், மாறியதற்காகக் கேலி கிடையாது. ஆசிரியர் கோட்டில் நிற்கக் கூடாது. நின்றால் பாதி வகுப்பு அவர் பக்கம் வந்துவிடும்.

வாக்கியம் பிள்ளைகளின் வாழ்க்கையில் இருந்து வர வேண்டும். ‘உண்மையே பேச வேண்டும்’ என்றால் எல்லாரும் ஒரே முனைக்கு ஓடுவார்கள். ‘நண்பன் காப்பி அடித்ததை டீச்சர் கேட்டால் சொல்லிவிட வேண்டும்’ என்றால்தான் கால் தயங்கும். எங்கள் பக்கம் நன்றாக ஓடிய வாக்கியம்: ‘காட்டுமாடு தோட்டத்துக்குள் வந்தால் கல்லெறிந்து விரட்டுவது சரி.’ முந்தின வாரம்தான் காட்டுமாடு இறங்கி காரட் தோட்டத்தை மிதித்துப் போட்டிருந்தது. அந்த வீட்டுப் பையன் ‘ஆமாம்’ முனையில் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். எதிர் முனையில் இருந்த பெண், “அது எங்க போகும் சார், அதோட எடத்துல நாமதான இருக்கோம்” என்றாள். பையன் உடனே, “எங்கப்பா கடன் வாங்கி விதை போட்டாரு” என்றான். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அந்தப் பெண் நடுவை நோக்கி இரண்டு அடி வைத்தாள். “கல்லு வேண்டாம், வெடிச் சத்தம் போதும்” என்றாள். அவனும் ஓர் அடி வைத்தான். வகுப்புக்குப் போனபின், ‘நான் ஏன் அங்கே நின்றேன்’ என்று ஒரே ஒரு வரி எழுதச் சொன்னோம். வழக்கமாக வெள்ளைத் தாள் கொடுப்பவர்களும் எழுதினார்கள்.

முன்மாதிரி என்றால் தனி ஆளாகத்தான் இருக்க வேண்டுமா என்றும் எட்டாம் வகுப்பில் பேசினோம். கொடைக்கானலில் பாதரச வெப்பமானித் தொழிற்சாலை 2001ல் மூடப்பட்டது. உடம்பு கெட்டுப்போன முன்னாள் தொழிலாளர்கள் சோர்ந்துபோகாமல் நிவாரணம் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். 2016ல்தான் 591 தொழிலாளர்களுக்கான உடன்பாடு வந்தது. பதினைந்து ஆண்டு. அதில் யாருடைய பெயரும் பாடப்புத்தகத்தில் வரவில்லை. ஆனாலும் சேர்ந்து நிற்பது எப்படி என்று அவர்களிடம் கற்றுக்கொள்ளலாம் என்று பிள்ளைகளே சொன்னார்கள்.

முதுமலைப் பக்கத்து அக்கா:

மாலை நேரப் படிப்பு மையத்தில் காட்டுநாயக்கர், பணியர் பிள்ளைகளோடு இருக்கிறேன். இரண்டு விஷயம் சொல்லணும்.

ஒன்று, எங்கள் பிள்ளைகள் கூட்டத்தில் எழுந்து நின்று ‘நான்’ என்று பேச மாட்டார்கள். அது அவர்கள் வளர்ந்த முறை. பேசவில்லை என்பதால் ஒன்றும் தோன்றவில்லை என்று நினைத்துவிடாதீர்கள். வரையச் சொல்லுங்கள், நடித்துக் காட்டச் சொல்லுங்கள், தன் பாஷையிலேயே பக்கத்துப் பிள்ளையிடம் சொல்லட்டும். தேன் எடுக்கும் தாத்தாவைப் பற்றிக் கேட்டால் ஒருத்தன் அரைமணி நேரம் பேசுவான். தாத்தா கூட்டை மொத்தமாக எடுக்காமல் கொஞ்சம் விட்டு வருவார், தேனீக்கும் வேண்டும் இல்லையா என்பான். உங்கள் பாடவேளைக்கு அதைவிட என்ன வேண்டும்?

இன்னொன்று, தெப்பக்காடு யானை முகாமில் தாயை இழந்த குட்டி யானைகளை வளர்த்த பொம்மன், பெள்ளி இருவரைப் பற்றிய ஆவணப்படம் 2023ல் ஆஸ்கர் வாங்கியது. அதே ஆண்டு பெள்ளி அக்காவை அரசு யானைப் பராமரிப்பு வேலைக்கு எடுத்தது. தமிழ்நாட்டில் அந்த வேலைக்கு வந்த முதல் பெண் அவர். பிள்ளைகளுக்கு எவ்வளவு பெருமை தெரியுமா! ஆனால் சில பள்ளிகளில், பழங்குடிப் பிள்ளை என்றாலே பெள்ளியைப் பற்றித்தான் எழுத வேண்டும் என்று உட்கார வைக்கிறார்கள். எங்கள் பெண் ஒருத்திக்கு ஸ்மிருதி மந்தனாவைப் பிடிக்கும். அவள் அதை எழுதட்டும். பெள்ளி அக்காவை எல்லாப் பிள்ளைகளும் எழுதலாம். யாருக்கும் ஆளை நாம் ஒதுக்கிக் கொடுக்க வேண்டாம்.

பந்தலூர் தம்பி:

அக்கா, கடைசியாகச் சொன்னதை அப்படியே ஏற்கிறேன். எனக்கு ஒரு சந்தேகம். சல்லிவனை என்ன செய்வது? கோத்தகிரிப் பள்ளிகளில் கன்னேரிமுக்கு பங்களாவுக்குக் கூட்டிப்போய், ஊட்டியை உருவாக்கியவர் என்று சொல்வார்களே.

கோத்தகிரி டீச்சர்:

கூட்டிப்போயிருக்கிறேன் தம்பி. சல்லிவனைக் குறையில்லாத முன்மாதிரியாகக் காட்டாமல், கேள்வியாகக் காட்டலாம். கோயம்புத்தூர் கலெக்டராக இருந்து 1819ல் இந்த மலைக்கு வந்தார், சாலையும் காய்கறிப் பயிரும் ஏரியும் கொண்டுவந்தார். தோடர்களின் மேய்ச்சல் நிலத்தைச் சொற்ப விலைக்கு வாங்கித் தனக்குப் பெரிய நிலம் சேர்த்துக்கொண்டதும் அவர்தான். பின்னால் கம்பெனி அரசாங்கத்திடம், இந்த நிலம் தோடர்களுக்கே சொந்தம் என்று வாதாடியதும் அவர்தான். மூன்றையும் பலகையில் எழுதிவிட்டுப் பிள்ளைகளிடம் விட்டேன். “பாதி நல்லவர்” என்று ஒருவன் சொல்லி முடிக்கப் பார்த்தான். ஒரு பெண் விடவில்லை: “தோடர்கிட்ட யாராச்சும் கேட்டாங்களா மிஸ்?” அந்தக் கேள்வியை அப்படியே பலகையில் எழுதி விட்டுவிட்டேன்.

இன்னொன்றும் நடந்தது, சொல்லிவிடுகிறேன். ஹெச்.எம். சார் சொன்னபடி, ‘நாமும் இப்படி இருக்கணும் என்று தோன்றிய ஒரு செயல்’ என்று ஏழாம் வகுப்பில் கேட்டேன். எழுத விரும்பாதவர்கள் பக்கத்தில் வந்து என் காதில் சொல்லலாம் என்றேன். ஜார்க்கண்ட் பையன் ஒருவன் எழுந்து வந்தான். அவன் தமிழ் இன்னும் உடைந்து உடைந்துதான் வரும். அவன் அம்மா பக்கத்து நிரையில் பறிக்கும் ஒரு பாட்டியைப் பற்றிச் சொன்னான். அம்மாவுக்கு அப்போது வயிற்றில் குழந்தை, வேகமாகப் பறிக்க முடியாது. எடை போடும் இடத்துக்குப் போகும் முன்னால் அந்தப் பாட்டி தன் பையில் இருந்து இரண்டு கை கொழுந்தை அள்ளி அம்மா பையில் போட்டுவிட்டு முன்னால் நடந்துவிடுவாராம். ஒன்றும் பேச மாட்டாராம். பாட்டிக்கு இந்தி தெரியாது, அம்மாவுக்குத் தமிழ் தெரியாது.

அந்தப் பாட்டியின் பேத்தி அதே வகுப்பில்தான் இருக்கிறாள். அவன் சம்மதித்த பிறகு அவளிடம் சொன்னேன். அவளுக்கு இது தெரியவே தெரியாது. ‘யாரைப் போல ஆக ஆசை’ தாளில் கலாம் என்று எழுதியிருந்தவள் அவள். கலாம் பெயரை அடித்துவிடவில்லை. கீழே இன்னொரு வரி சேர்த்துக்கொண்டாள்.

கொடைக்கானல் அப்பா:

படித்தேன் டீச்சர். இது வீட்டுக்கு எதிரானது இல்லை என்று இப்போது புரிகிறது. ஒரு யோசனை. பிள்ளைகள் வீட்டில் பெரியவர்களிடம் கேட்டு வரும்படி இரண்டு கேள்வி கொடுங்கள். “என் வயசில் நீங்கள் யாரைப் பார்த்து வியந்தீர்கள்? எதை இப்போது வேறு மாதிரி நினைக்கிறீர்கள்?” நேற்று என் பெண்ணிடம் நானே சொல்லிப் பார்த்தேன். சாப்பாடு ஆறிப்போகும் வரை பேசினோம். பெற்றோரும் உள்ளே இருந்தால் எங்களுக்குப் பயம் வராது.

கோத்தகிரி டீச்சர்:

கட்டாயம் சேர்க்கிறேன். ரொம்ப நன்றிங்க. மன்னவனூர் சார், கோட்டு விளையாட்டை அடுத்த புதன்கிழமை ஆறாம் வகுப்பில் வைக்கிறேன். எங்கள் மைதானம் சரிவு, அதனால் சத்துணவுக் கூடத்துக்கு முன்னால் இருக்கும் சிமெண்டுத் தரையில் சாக்பீஸால் கோடு போட்டுக்கொள்கிறோம்.

மன்னவனூர் சார்:

சரி டீச்சர், அது போதும். ஆறாம் வகுப்புக்கு இரண்டு வாக்கியத்துக்கு மேல் வைக்காதீர்கள். முதல் வாக்கியம் சாப்பாடு, விளையாட்டு பற்றி இலேசாக இருக்கட்டும், கூச்சம் போகும். அப்புறம் மதிப்பெண் உண்டா என்று கேட்பார்கள்.

கோத்தகிரி டீச்சர்:

மதிப்பெண் கிடையாது சார். முதல் நாளே சொல்லிவிட்டேன். தாளும் அவர்களிடமே இருக்கும், காட்ட விரும்புகிறவர்கள் காட்டலாம். குன்னூர் நூலகத்தில் அந்தக் கடிதத்தின் நகலைச் சனிக்கிழமை வந்து வாங்கிக்கொள்ளலாமா?

குன்னூர் நூலகத் தன்னார்வலர்:

வாங்க டீச்சர். மதியம் ஒரு மணி வரை இருப்பேன். எட்டாம் வகுப்பில் எத்தனை பேர் என்று சொன்னால் அத்தனை நகல் எடுத்து வைக்கிறேன். பிள்ளைகள் வீட்டுக்குக் கொண்டுபோய் வைத்துக்கொள்ளட்டும்.